புதன்கிழமைப் பொத்தான்

மூன்றில் முடியும் எண்ணுள்ள வண்டிகள்
புதன்கிழமை இந்த நகரத்தில் தெருவிறங்கக் கூடாது.
ஊலான்பாதாரின் புகைக்கு அது சட்டம்,
எனக்கு அது ஒருநாள் சம்பளம்.
விடியுமுன்பே கொண்டுவந்து
வெந்நீர்க் குழாய் ஓடும் லுவ்சானின் கொட்டகையில் நிறுத்திவிட்டேன்.
மணிக்கு ஐயாயிரம். டீக்குத் தனி.

நோய் இதுதான்:
பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால்
வண்டி யோசிக்கிறது.
ஆறாம் தரம், ஒன்பதாம் தரம்.
நேற்று பதினாலு.
பின்சீட்டுப் பையன் உரக்க எண்ணிக்கொண்டே வந்தான்,
அவன் அம்மா கண்ணாடியைச் சுரண்டிப் பார்த்தாள்
வேறு டாக்ஸி வருகிறதா என்று.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.

புதுப் பொத்தானுக்குச் சந்தையில் விலை கேட்டேன்.
அந்தக் குளிரிலும் வியர்த்தது.

முதலில் டிக்கியைத் திறந்து
பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்ற வேண்டும்.
பிறகு பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும்,
காற்றுப்பையில் பதுங்கிய மின்சாரம் அடங்கும்வரை.
ஸ்க்ரூ கழற்றுவதைவிட
சும்மா இருப்பது எனக்குச் சிரமம்.
"உன் புருஷன் வரலையா, ஓயுனா?"
"அவருக்கு வண்டி ஓட்ட மட்டும்தான் தெரியும்."
லுவ்சான் டீ ஊற்றினான்.
உப்பு கூட.

குளிரில் பிளாஸ்டிக் அப்பளம்.
தலைமுடி உலர்த்தும் கருவியால்
டேஷ்போர்டுக்குச் சூடு காட்டினேன்.
உறைபனி சுரண்டும் தகட்டை ஓரத்தில் செருகி
மெல்ல, மெல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டு
நெம்பினேன்.
டக்.
டக்.
மூன்றாவது கிளிப் டக் என்னவில்லை.
உள்ளே எங்கோ விழுந்து
என் கணக்கில் சேர்ந்தது.

கையில் வந்தபோது அது பொத்தானாகவே இல்லை.
ஒரு தொப்பி, ஒரு ரப்பர்க் குமிழ்,
துவரம்பருப்பு அகலத்தில் ஒரு செப்புத் தகடு.
அவ்வளவுக்குத்தான் இத்தனை பெரிய இரும்பு
காத்துக்கிடந்திருக்கிறது.

தொப்பியில் கடைசி எழுத்து தேய்ந்திருந்தது.
வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது,
என் விரல் அவ்வளவு உழைத்திருக்காது.
குமிழைத் தூக்கினால் பழுப்பாய் இறுகிய ஒன்று.
சூடு காட்டியதும் வாசனை வந்தது:
பால் விட்ட டின் காபி.

ஜப்பானில் யாரோ
ஒரு காலை அவசரத்தில் சிந்தியிருக்கிறார்.
துடைத்தும் இருக்கிறார்,
நீல நூலிழை ஒன்று அதில் ஒட்டியிருந்தது.
துடைத்துவிட்டோம் என்று நம்பி
வேலைக்குப் போயிருப்பார்.
அவர் காபி கடல் தாண்டி வந்து
என் பயணிகளை எண்ண வைத்திருக்கிறது.

கழுவ ஸ்பிரிட் கேட்டேன்.
லுவ்சான் வோட்கா நீட்டினான்.
அதில் பாதிக்குமேல் தண்ணீர், ஆகாது என்றேன்.
மனசு நொந்துபோனான்.
மருந்துக்கடைக்குப் போய்வந்து பஞ்சில் தொட்டுத் துடைத்து
மகளின் பென்சில் ரப்பரால் தகட்டைத் தேய்த்தேன்.
கரி போய்ச் செம்பு சிரித்தது.
நீல இழையை ஏனோ எறியவில்லை,
கண்ணாடிக்கு மேல் லைசென்ஸோடு செருகினேன்.

எல்லாம் பூட்டி முடித்து
கறுப்பு வயரை மாட்டி
முன்சீட்டில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்:
தொப்பி தலைகீழ்.
எழுத்துகள் கால் மேலே தூக்கிக் கிடந்தன.
மறுபடி கழற்றலாம். மீதி கிளிப் ஒன்றுதான்.
லுவ்சான் கடிகாரத்தைப் பார்த்தான்.

கிடக்கட்டும். படிக்கவா போகிறேன்.

பிரேக்கை மிதித்தேன். அழுத்தினேன்.
ஒரே தரம்.
இந்த வண்டி உறுமாது,
பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான்.
விளக்கைத் தேடுமுன் அவள் பேசினாள்,
தினம் காலையில் பேசும் அந்த ஜப்பானியக் குரல்காரி.
ஏதோ சுங்க அட்டை செருகப்படவில்லையாம்,
மொழி தெரிந்த பயணி ஒருவர் சொன்னது.

செருகப்படவில்லைதான், அம்மா.
சொல்லு, இன்னொரு தரம் சொல்லு.
அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன்,
அவள் சொல்லட்டும் என்று.

வியாழன் காலை
பையன்கள் எண்ணத் தொடங்குமுன்
கிளம்பிவிடுவேன்.